13 போட்டி, 13 வெற்றி: கருணாநிதியின் தேர்தல் கணக்கை எப்படி வாசிப்பது?

மு. கருணாநிதி எத்தனை ஆண்டு சட்டமன்ற உறுப்பினராக இருந்தார் என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். 60 என்பார்கள் சிலர். 2017 ஜூன் 3 அன்று சென்னையில் அவருடைய சட்டமன்றப் பணிக்கு வைர விழா எடுத்தபோது ஊரெங்கும் பரவிய எண் அது. 61 என்பார்கள் வேறு சிலர். 1957இல் பெற்ற முதல் வெற்றியில் தொடங்கி, 2018 ஆகஸ்ட் 7 அன்று அவர் மறைந்தது வரையிலான காலம் அது. பேரவை உறுப்பினர் பதவி கையில் இருந்த காலத்தை மட்டும் கூட்டினால் 49 ஆண்டு அளவில் வந்து நிற்கிறது.

மூன்றும் தப்பில்லை. எண்ணுகிற பொருள்தான் வேறு வேறு. "ஒருமுறைகூடத் தோற்றதில்லை" என்ற இன்னொரு புகழ்பெற்ற வாக்கியத்துக்கும் இதே நிலைதான். அது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குள் 699 வாக்கில் தப்பிய வெற்றி ஒன்றும், போட்டியிடாமல் விட்ட தேர்தல் ஒன்றும், வென்ற பிறகு உதறிய பதவிகள் இரண்டும், மாறி மாறி நின்ற 7 தொகுதிகளும் அடங்கியிருக்கின்றன.

எதை எண்ணுகிறோம்?

நீண்டகாலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய செய்திகளில் கலந்து குழம்பும் அளவுகள் நான்கு.

1. எத்தனை முறை வென்றார். பொதுத்தேர்தலும் இடைத்தேர்தலும் இதில் சேரும். பேரவை ஐந்தாண்டு முழுக்க நடந்ததா, இரண்டே ஆண்டில் கலைந்ததா என்பதைப் பற்றி இந்த எண்ணுக்குக் கவலையில்லை.

2. எத்தனை பேரவைகளில் இடம்பெற்றார். 1957இல் அமைந்தது சென்னை மாநிலத்தின் 2ஆவது பேரவை. 2016இல் அமைந்தது தமிழ்நாட்டின் 15ஆவது பேரவை. ஆக 14 பேரவைகள். கருணாநிதி 13இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். விட்டுப்போன ஒன்று, 1984 தேர்தலில் அமைந்த 8ஆவது பேரவை.

3. முதல் வெற்றிக்கும் கடைசி நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்.

4. பதவியில் இருந்த காலம் எவ்வளவு. இதில்தான் கழித்தல் கணக்கு வருகிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதிலிருந்து 1977 ஜூன் வரை பேரவையே இல்லை. 1980 பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோதும் சில மாத இடைவெளி உண்டு. 1983 ஆகஸ்டிலிருந்து 1989 ஜனவரி வரையும், 1991 ஜனவரியிலிருந்து 1996 மே வரையும் அவர் பேரவையில் இல்லை. 1991இல் வென்ற இடத்தையும் உடனே துறந்துவிட்டார். இவற்றையெல்லாம் 61இலிருந்து கழித்தால் 49க்குப் பக்கத்தில் வரும். 1984 முதல் 1986 வரை மேலவை உறுப்பினராக இருந்ததையும் சேர்த்துக்கொண்டால் 51ஐத் தாண்டும்.

மேலவை என்பதைச் சற்று விளக்க வேண்டும். இன்றைய தமிழ்நாட்டில் சட்டமன்றம் என்றாலே 234 உறுப்பினர்கள் கொண்ட பேரவைதான். 1986 நவம்பர் 1 வரை அதற்கு மேல் சட்ட மேலவை என்று இன்னோர் அவையும் இருந்தது. அதன் உறுப்பினர்களைப் பொதுமக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பேரவை உறுப்பினர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரை ஆளுநர் நியமித்தார். பேரவைக்குப் போகாமலே சட்டமன்றத்துக்குள் இருக்க அது ஒரு வழி. 1967இல் அண்ணா முதலமைச்சர் ஆனது அந்த வழியாகத்தான். அப்போது அவர் தென்சென்னையின் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டப்பேரவைக்குப் போட்டியிடவே இல்லை.

13 தேர்தல்கள், வரிசையாக

வென்றவர் வாக்கும் அடுத்து வந்தவர் வாக்கும் சேர்ந்து தெரிந்தால்தான் வித்தியாசத்தின் எடை புரியும்.

1. 1957, குளித்தலை: 22,785 – 14,489. வித்தியாசம் 8,296.
2. 1962, தஞ்சாவூர்: 32,145 – 30,217. வித்தியாசம் 1,928.
3. 1967, சைதாப்பேட்டை: வித்தியாசம் 20,000க்குச் சற்று மேல்.
4. 1971, சைதாப்பேட்டை: 63,334 – 50,823. வித்தியாசம் 12,511.
5. 1977, அண்ணா நகர்: 43,076 – 26,638. வித்தியாசம் 16,438.
6. 1980, அண்ணா நகர்: 51,290 – 50,591. வித்தியாசம் 699.
7. 1989, துறைமுகம்: 41,632 – 9,641. வித்தியாசம் 31,991.
8. 1991, துறைமுகம்: 30,932 – 30,042. வித்தியாசம் 890.
9. 1996, சேப்பாக்கம்: 46,097 – 10,313. வித்தியாசம் 35,784.
10. 2001, சேப்பாக்கம்: 29,836 – 25,002. வித்தியாசம் 4,834.
11. 2006, சேப்பாக்கம்: 34,188 – 25,662. வித்தியாசம் 8,526.
12. 2011, திருவாரூர்: 1,09,014 – 58,765. வித்தியாசம் 50,249.
13. 2016, திருவாரூர்: 1,21,473 – 53,107. வித்தியாசம் 68,366.

முதல் தேர்தலைப் பற்றி ஒரு குறிப்பு. 1957இல் தி.மு.க. அங்கீகாரம் பெற்ற கட்சியாக இல்லை. தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகள். பழைய ஆவணங்களில் குளித்தலைக்கு எதிரே கட்சிப் பெயர் இல்லாமல் இருப்பதைப் பார்த்து, அவர் கட்சிக்கு வெளியே நின்றதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. வென்ற 15 இடங்களில் குளித்தலையும் ஒன்று.

வித்தியாசம் பெரிதென்றால் வெற்றியும் பெரிதா?

பட்டியலைப் பார்த்ததும் 2016தான் ஆகப் பெரிய வெற்றி என்று தோன்றும். வாக்கு எண்ணிக்கையில் சரி. ஆனால் சேப்பாக்கமும் திருவாரூரும் ஒரே அளவுத் தொகுதிகள் இல்லை. பழைய சேப்பாக்கம் சென்னை நகரின் நடுவே ஒடுங்கிய சின்னத் தொகுதி. 1996இல் முதல் இருவரும் சேர்ந்து பெற்றது 56,410 வாக்குகள்தான். திருவாரூரில் 2016இல் முதல் இருவர் பெற்றது 1,74,580. மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே வித்தியாசத்தை வித்தியாசத்தோடு ஒப்பிடுவதைவிட, எதிராளி பெற்ற ஒவ்வொரு 100 வாக்குக்கும் வென்றவர் எத்தனை பெற்றார் என்று பார்ப்பது நேர்மையான அளவு. அப்படிப் பார்த்தால் வரிசையே மாறுகிறது (மேலே வரும் நான்கும் கீழே வரும் மூன்றும் மட்டும்):

1996 சேப்பாக்கம்: 447
1989 துறைமுகம்: 432
2016 திருவாரூர்: 229
2011 திருவாரூர்: 186
1962 தஞ்சாவூர்: 106
1991 துறைமுகம்: 103
1980 அண்ணா நகர்: 101

68,366 என்ற எண்ணிக்கை 35,784க்குப் பின்னால் போய்விடுகிறது. தொகுதியின் அளவைச் சொல்லாமல் "சாதனை வித்தியாசம்" என்று போடுகிற தலைப்புகளை இந்தக் காரணத்தால்தான் அப்படியே ஏற்கக் கூடாது.

இதிலும் ஒரு குறை உண்டு. இரண்டாவது வந்தவரை மட்டும் வைத்து அளப்பதால், எதிர்ப்பு வாக்கு எத்தனை பேருக்குப் பிரிந்தது என்பது இதில் தெரியாது. அதைப் பார்க்க அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களை ஒரே தொகுதியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

துறைமுகம்: 31,991 எப்படி 890 ஆனது?

1989 ஜனவரியில் நடந்தது நான்குமுனைப் போட்டி. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. காங்கிரஸ் தனியாக நின்றது. துறைமுகத்தில் இரண்டாவதாக வந்தவர் முஸ்லிம் லீக்கின் கா. வகாப், அவர் பெற்றது 9,641.

1991 ஜூனில் களம் தலைகீழ். அ.தி.மு.க. ஒன்றாகி, காங்கிரசோடு கூட்டணி வைத்திருந்தது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். எதிரே நின்றவர் காங்கிரசின் கே. சுப்பு. மாநிலம் முழுக்க தி.மு.க. வேட்பாளர்கள் விழுந்தார்கள், அந்தக் கட்சி வென்ற இடங்கள் இரண்டே.

இப்போது கழித்துப் பார்ப்போம்.

1. கருணாநிதியின் வாக்கு 41,632இலிருந்து 30,932 ஆனது. இழப்பு 10,700.
2. இரண்டாவது வந்தவரின் வாக்கு 9,641இலிருந்து 30,042 ஆனது. கூடுதல் 20,401.
3. இரண்டையும் கூட்டினால் 31,101. வித்தியாசம் சுருங்கியதும் துல்லியமாக அவ்வளவுதான்.

அதாவது சரிவில் மூன்றில் ஒரு பங்கு அவர் கையிலிருந்து போன வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு, எதிரே சிதறிக் கிடந்தது ஒரே இடத்தில் குவிந்ததால் வந்தது. அந்தத் தேர்தலை "அனுதாப அலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அலை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் துறைமுகத்தின் எண்கள் கூட்டணிக் கணக்கையும் அதற்குக் குறையாமல் காட்டுகின்றன.

சேப்பாக்கத்தில் 1996க்கும் 2001க்கும் இடையே இதே கழித்தலைப் போட்டால் வேறு படம் கிடைக்கிறது. அவருடைய சொந்த வாக்கு 16,261 குறைந்தது. எதிராளியின் வாக்கு 14,689 கூடியது. இங்கே இழப்புதான் சற்றுப் பெரிது. 1996இல் கூட இருந்த தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) 2001இல் அ.தி.மு.க. பக்கம் போயிருந்தது; காங்கிரசும் இடதுசாரிகளும் அங்கேதான். 1996இல் 173 இடம் வென்ற தி.மு.க. 2001இல் 31க்கு இறங்கியது. இத்தனைக்கும் நடுவில் முதலமைச்சரின் சொந்தத் தொகுதியில் 4,834 வாக்கு மிஞ்சியது.

699 வாக்கும் ஒரு புகைப்படமும்

13இல் ஆக நெருக்கமானது 1980 அண்ணா நகர். எதிரே நின்றவர் அ.தி.மு.க.வின் டாக்டர் எச்.வி. ஹண்டே, அதற்கு முன்பே சுதந்திரா கட்சியின் சார்பில் பேரவைக்குப் போனவர். ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 39இல் 37 இடங்களை அள்ளியிருந்ததால், மே மாதப் பேரவைத் தேர்தலும் அப்படியே போகும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. போகவில்லை. அ.தி.மு.க. 129 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பியது.

699 என்ற வித்தியாசத்தைத் தலைகீழாக்க 700 பேர் மனம் மாற வேண்டியதில்லை. ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனால் வித்தியாசம் இரண்டு குறையும். 350 பேர் மாறியிருந்தால் ஹண்டே வென்றிருப்பார். நான்கைந்து தெருக்களின் வாக்கு அது.

வாக்கு எண்ணி முடிந்தும் விவகாரம் முடியவில்லை. ஹண்டே சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டார். தேர்தல் மனு என்பது மற்ற வழக்குகள் போலில்லை. அதன் விதிகள் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கின்றன:

1. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் மனு போட வேண்டும் (பிரிவு 81).
2. எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல்களையும் மனுவோடு சேர்த்துத் தர வேண்டும் (பிரிவு 81, உட்பிரிவு 3).
3. வழக்குச் செலவுக்குப் பிணைத்தொகையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும் (பிரிவு 117).
4. இவற்றில் தவறினால் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். நீதிபதி இரக்கம் காட்ட இடமில்லை (பிரிவு 86, உட்பிரிவு 1).

மனுவில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, விளம்பரப் பதாகைகளுக்குச் செய்த செலவு சட்ட வரம்பைத் தாண்டியது என்பது. பதாகையின் புகைப்படம் ஒன்றை மனுவோடு இணைத்திருந்தார்கள். கருணாநிதிக்குத் தந்த நகலில் அந்தப் புகைப்படம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டது அவர் தரப்பு. பிணைத்தொகை கட்டிய முறையிலும் குறை சொன்னது.

உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்புச் சொன்னது. பிணைத்தொகை பற்றிய ஆட்சேபம் நிற்கவில்லை. புகைப்படம் பற்றியது நின்றது. பதாகை எப்படி இருந்தது என்பதை அந்தப் படம் இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே அது மனுவின் பிரிக்க முடியாத பகுதி, அதன் நகலைத் தராதது மனுவின் நகலையே முழுதாகத் தராததற்குச் சமம் என்று நீதிமன்றம் கருதியது. மனு தள்ளுபடி ஆனது. செலவு வரம்பு மீறப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்குள் யாரும் நுழையவே இல்லை.

"மு. கருணாநிதி எதிர் எச்.வி. ஹண்டே" இன்றும் தேர்தல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. தேர்தல் மனு தயாரிக்கும் வழக்கறிஞர்கள் இணைப்புகளைப் பக்கம் பக்கமாக எண்ணிச் சரிபார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோற்ற ஹண்டே மேலவை வழியாக எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சர் ஆனார். வென்றவர் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார்.

ஏன் ஏழு தொகுதிகள்?

குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். இந்த மாற்றங்களைப் பயம் என்று எதிரிகளும் வியூகம் என்று தொண்டர்களும் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி.

முதல் இரண்டும் காவிரிக் கரை. குளித்தலைத் தொகுதியின் நங்கவரம் விவசாயிகள் பிரச்சினைதான் பேரவையில் அவருடைய கன்னிப் பேச்சின் பொருள். அங்கேயே நீடிக்காமல் 1962இல் தஞ்சாவூருக்குப் போனார். காங்கிரசின் பரிசுத்த நாடாரை 1,928 வாக்கில் வென்றார். அந்தத் தேர்தலில் தி.மு.க.வின் இடங்கள் 15இலிருந்து 50 ஆக உயர்ந்தன. ஆனால் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1957இல் வென்ற இடத்தில் திரும்ப நிற்பது எவ்வளவு ஆபத்தாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு தோல்வி போதும்.

1967இலிருந்து 2006 வரை நின்றதெல்லாம் சென்னை. கட்சித் தலைவர் மாநிலம் முழுக்கச் சுற்ற வேண்டும். சொந்தத் தொகுதிக்குத் தரக்கூடியது சில மாலைகள்தான். வீட்டுக்குப் பக்கத்தில், பரப்பில் சிறிய, கட்சி அமைப்பு தெருத்தெருவாக இறுகிய நகரத் தொகுதி அதற்குத் தோதானது. சென்னைக்குள்ளேயே இடம் மாறியதில் எல்லைக்கும் பங்கு உண்டு. தொகுதி மறுவரையறை என்பது மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளின் எல்லைகளையும், எவை பொது, எவை தனி என்பதையும் மாற்றி எழுதுவது. அண்ணா நகர் என்ற தொகுதியே 1977 தேர்தலில்தான் புதிதாக வந்தது.

திருவாரூருக்கு 2011 வரை போகாததற்கும் காரணம் இதுவே. அவர் வளர்ந்து படித்த ஊர் அது. ஆனால் பல தேர்தல்களாகத் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி; அவர் அங்கே மனுத்தாக்கல் செய்யவே முடியாது. 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறை திருவாரூரைப் பொதுத்தொகுதி ஆக்கியது. அதே மறுவரையறை பழைய சேப்பாக்கத்தைத் திருவல்லிக்கேணியோடு சேர்த்து வேறு தொகுதியாக்கிவிட்டது. ஒரு கதவு மூடியது, இன்னொன்று திறந்தது. 86 வயதில் ஊருக்குப் போய் நின்றார். கட்சி 23 இடங்களுக்குச் சுருங்கிய அந்தத் தேர்தலிலும் 50,249 வாக்கில் வென்றார்.

என் கணிப்பு: "தோல்வியே காணாதவர்" என்ற பெயரில் பாதி, வாக்காளர் கொடுத்தது, பாதி, எங்கே நிற்பது, எப்போது நிற்காமல் இருப்பது என்று மனுத்தாக்கலுக்கு முன்பே முடிவு செய்யத் தெரிந்ததில் வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர்தல் அரசியலில் அதுவும் ஒரு கைத்திறன்.

நிற்காத தேர்தலும் உதறிய பதவிகளும்

1983 ஆகஸ்டில், இலங்கைத் தமிழர் மீதான வன்முறையில் மத்திய, மாநில அரசுகள் செயல்படவில்லை என்று கண்டித்து, அவரும் க. அன்பழகனும் பேரவை உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். 1984 டிசம்பர் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தார். தி.மு.க. பெற்றது 24 இடங்கள். கருணாநிதி அப்போது மேலவையில் இருந்தார். நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். நிற்காததால் 13க்கு 13 என்ற கணக்கு கெடவில்லை என்பது கண்கூடு. மேலவையும் 1986இல் ஒழிக்கப்பட, 1989 வரை எந்த அவையிலும் அவர் இல்லை.

1991இல் 890 வாக்கில் கிடைத்த இடத்தை, கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று விட்டுவிட்டார்.

பதவி விலகல் பற்றிய நடைமுறை அரசியலமைப்பின் 190ஆவது பிரிவில் இருக்கிறது. கடிதம் பேரவைத் தலைவருக்குப் போக வேண்டும். கையெழுத்து உண்மையானதா, தானாக விரும்பி எழுதியதா என்று அவர் மனநிறைவு அடைந்து ஏற்றுக்கொண்டால்தான் இடம் காலியாகும். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கும் கடிதங்களைத் தடுக்க 1974இல் வந்த திருத்தம் இது. பத்திரிகையாளரிடம் "விலகிவிட்டேன்" என்று அறிவிப்பதால் மட்டும் யாருடைய பதவியும் போய்விடாது.

அதே 190இல் இன்னொரு விதி உண்டு. அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம். "அறிவிக்கலாம்" என்பதைக் கவனிக்க வேண்டும், தானாகப் போகாது. நாள்களை எண்ணுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலமும், அவை தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலமும் கணக்கில் சேராது. ஆண்டுக்குச் சில வாரங்களே கூடும் பேரவையில் அந்த 60ஐ எட்டவே நெடுங்காலம் பிடிக்கும். 2011க்குப் பிறகு கருணாநிதி பேரவை வளாகத்துக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போனது பலமுறை செய்தியானது. சக்கர நாற்காலியோடு உள்ளே அமர வசதியான இடம் தரப்படவில்லை என்பது அவர் கட்சியின் புகார். அந்தக் கையெழுத்தைச் சடங்கு என்று கேலி செய்தவர்கள் இந்த விதியை மறந்துவிட்டார்கள்.

ஒரே தொகுதிக்காரர்கள்

கேரளத்தின் கே.எம். மாணியும் 13 முறை வென்றவர்தான். ஆனால் அத்தனையும் பாலா என்ற ஒரே தொகுதியில், 1965 முதல் 2016 வரை. எண்ணுவதில் உள்ள சிக்கலுக்கு அவரே இன்னோர் எடுத்துக்காட்டு. 1965 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தப் பேரவை ஒரு நாள்கூடக் கூடவில்லை. வெற்றி 13, உட்கார்ந்த பேரவைகள் 12. உம்மன் சாண்டி 1970 முதல் புதுப்பள்ளியை விட்டு அசையவே இல்லை, 12 வெற்றிகள். மகாராஷ்டிரத்தின் கண்பத்ராவ் தேஷ்முக் சாங்கோலாவில் 11 முறை வென்றார்; நடுவே தோற்றும் இருக்கிறார். "அதிக முறை வென்றவர்", "ஒரே தொகுதியில் அதிக முறை வென்றவர்", "தோற்காமல் வென்றவர்" ஆகிய மூன்றும் வெவ்வேறு பட்டியல்கள்.

ஒரு தொகுதி அங்கே தொடர்ந்து வென்றவருடையதா, கட்சியுடையதா என்ற கேள்விக்கு விடை அவர் போன பிறகு வரும் இடைத்தேர்தலில் ஓரளவு தெரியும். மாணி 2016இல் 4,703 வாக்கில் வென்றார். 2019 ஏப்ரலில் அவர் மறைந்தார். செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவர் கட்சி பாலாவை முதன்முறையாக இழந்தது. வாரிசுச் சண்டையில் கட்சி பிளந்து, வேட்பாளருக்கு வழக்கமான சின்னமே (கேரளத்தில் மாணி கட்சியின் சின்னமும் இரட்டை இலைதான்) கிடைக்காமல் போனது அதற்கு ஒரு காரணம். புதுப்பள்ளியில் நேர்மாறு: 2021இல் 9,044 வாக்கில் வென்ற உம்மன் சாண்டி 2023 ஜூலையில் மறைந்தபின், அவர் மகன் 37,719 வாக்கில் வென்றார்.

காலியான திருவாரூர்

ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 151ஏ. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார். ஆகவே 2019 பிப்ரவரி முதல் வாரம் கெடு. தேர்தல் ஆணையம் 2019 ஜனவரி 28 என்று நாள் குறித்தது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டிருந்தது. நிவாரணப் பணி முடிந்திருக்கவில்லை. தேர்தல் அறிவித்தால் நன்னடத்தை விதிகள் நிவாரணத்தை முடக்கும் என்ற முறையீடுகள் வந்தன. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசோடு கலந்து ஆணையம் சான்றளித்தால் தள்ளிவைக்க அதே பிரிவு இடம் தருகிறது.

மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2019 ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் 64,571 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்று ஆண்டுக்கு முன் அதே தொகுதியில் கருணாநிதி பெற்றதைவிட 3,795 குறைவு.